பேராசிரியரின் விருதும் ஒரு ஜோடி செருப்பும்

வேலூரைப் பற்றி ஊர்ப்பக்கம் ஒரு கேலிப் பேச்சு உண்டு. ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில் என்று அடுக்குவார்கள். இதில் கோயில் விஷயம் 1981-லேயே தீர்ந்துவிட்டது, ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். பாலாற்றிலும் எப்போதாவது வெள்ளம் வருகிறது, 2021 நவம்பரில் கரை புரண்டே வந்தது. இப்படிக் காலியாகிக்கொண்டே வரும் பட்டியலில் புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம் போலிருக்கிறது: தோல் ஊரில் உருவான ரப்பர் செருப்பு!

சிரிப்பாக இருக்கலாம். ஆனால் அந்தச் செருப்புக்குப் பின்னால் இருப்பது ஒரு மருத்துவக் கல்லூரிப் பேராசிரியரின் உலகப் புகழ் பெற்ற சாதனை. அதைவிட முக்கியம், அந்தச் சாதனையில் யார் யாருக்கெல்லாம் பங்கு உண்டு என்ற கேள்வி.

எல்லாக் கல்லூரிகளும் ஆண்டு மலரில் 'எமது பேராசிரியர்களின் சாதனைகள்' என்று இரண்டு பக்கம் ஒதுக்கும். முனைவர் பட்டம் பெற்றவர், வெளிநாட்டுக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தவர், விருது வாங்கியவர் என்று வரிசையாகப் புகைப்படங்கள் இருக்கும். கடைசிப் பக்கத்தில் 'அலுவலகப் பணியாளர்கள்' என்று ஒரு குரூப் போட்டோ. பெயர்கூட இடமிருந்து வலமாகத்தான், சாதனை எதுவும் எழுதியிருக்காது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (நமக்கெல்லாம் சி.எம்.சி.) இப்படி ஒரு பக்கம் எழுதினால் இடம் போதாது. 1971-ல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை. 1986-ல் சென்னையிலிருந்து வந்த ரத்த மாதிரிகளைச் சோதித்து, எச்.ஐ.வி. இந்தியாவுக்குள் வந்துவிட்டது என்று முதன்முதலில் கண்டது இங்குள்ள ஆய்வுக்கூடம். இங்கே பேராசிரியையாக இருந்த ககன்தீப் காங், 2019-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்வானார். இந்தியாவில் பணியாற்றும் பெண்களில் அந்தப் பெருமையைப் பெற்ற முதல்வர் அவர்தான். இவை ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியவை. இங்கே எடுத்துக்கொள்வது அவற்றுக்கெல்லாம் முந்திய ஒரு கதை.

சி.எம்.சி.யின் பிறப்பு பலருக்குத் தெரிந்ததே. ஐடா ஸ்கட்டர் 1900-ல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. 1942-ல் அது எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்தது, 1947-ல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். கல்லூரித் தரத்துக்கு உயர வேண்டுமானால் தகுதியான பேராசிரியர்கள் வேண்டுமே! அந்தத் தேடலில் 1946-ல் வந்து சேர்ந்தவர்தான் பால் பிராண்ட் என்ற இளம் அறுவை மருத்துவர்.

பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர் என்று தள்ளிவிட வேண்டாம். அவர் பிறந்தது கொல்லிமலையில், 1914-ல். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட், அம்மா எவலின், இருவரும் மலைமக்களிடையே வேலை செய்த மிஷனரிகள். அப்பா 1929-ல் காய்ச்சலில் இறந்துபோக, அம்மா மட்டும் 1974-ல் தம்முடைய 95-வது வயதில் இறக்கும்வரை அந்த மலைகளை விட்டு இறங்கவே இல்லை எனலாம். சிறுவன் பால், ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து போனார். அங்கே நேராக மருத்துவம் படித்தாரா என்றால் இல்லை. சில ஆண்டுகள் கட்டட வேலை கற்றார். கல் அடுக்குவது, மரம் இழைப்பது, அளவு பார்ப்பது. பின்னர்தான் லண்டனில் மருத்துவப் படிப்பு, உலகப் போரின் குண்டுவீச்சுக்கு நடுவே அறுவை சிகிச்சைப் பயிற்சி. இந்தத் தச்சு வேலையை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

அவரை அழைத்தவர் ராபர்ட் காக்ரேன். அப்போது சி.எம்.சி.யின் முதல்வர், கூடவே செங்கல்பட்டில் இருந்த லேடி வெலிங்டன் தொழுநோய் மருத்துவமனையின் பொறுப்பும் அவரிடம் இருந்தது. 1947-ல் பிராண்ட் ஒருநாள் செங்கல்பட்டுக்குப் போனார். தோட்டத்தில் உலாவும்போது கண்ணில் பட்டதெல்லாம் கைகள்தான். விரல்கள் உள்நோக்கி மடங்கிப் பறவையின் நகம் போல் ஆகிவிட்ட கைகள். ஏன் இப்படி ஆகிறது, இதைச் சரிசெய்ய யாராவது முயன்றிருக்கிறார்களா என்று கேட்டார். காக்ரேனோ, நான் தோல் மருத்துவன், எலும்பு மருத்துவன் நீதானே, உங்கள் ஆட்களில் ஒருவர்கூட இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லையே என்று அவர் மீதே திருப்பிப் போட்டார்.

அன்று நடந்த இன்னொன்றுதான் திருப்புமுனை. ஒரு நோயாளியின் மடங்கிய விரல்களுக்குள் தம் கையைக் கொடுத்து, முடிந்தவரை அழுத்து என்றார் பிராண்ட். செயலிழந்த கை, என்ன அழுத்திவிடப் போகிறது என்று நினைத்தவருக்கு உயிர் போகும் வலி! அவ்வளவு பிடி. அந்த வலியோடு ஒரு விஷயமும் உறைத்தது. கை செத்துப்போகவில்லை. உள்ளே எங்கோ நல்ல, வலுவான தசைகள் இருக்கின்றன.

அதன் பிறகு நடந்தது பொறுமையான வேலை. நூற்றுக்கணக்கான நோயாளிகளின் கைகளைத் தசை தசையாகச் சோதித்துக் குறித்தார்கள். நரம்புகளையும் ஆராய்ந்தார்கள். ஒரு ஒழுங்கு தெரிந்தது. தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த இடங்களை விரும்புவது. நரம்பு எங்கே தோலுக்கு அருகில் ஓடுகிறதோ, முழங்கைக்குப் பின்னால், மணிக்கட்டில், முழங்காலுக்குப் பக்கத்தில், அங்கேதான் வீங்கிக் கெடுகிறது. அந்த இடத்துக்குக் கீழே நரம்பை நம்பியிருக்கும் சிறிய தசைகள் செத்துவிடும். முன்னங்கையில் ஆழமாக இருக்கும் பெரிய தசைகளுக்கு வரும் நரம்போ தப்பித்துவிடும். விரலை மடக்கும் பெரிய தசை இருக்கிறது, நீட்டிப் பிடிக்கும் சிறிய தசை இல்லை. அதனால்தான் கை நகம் போல் மடங்குகிறது.

அப்படியானால் வழி? உள்ளவனிடமிருந்து எடுத்து இல்லாதவனுக்குக் கொடுப்பதுதான். வேலை செய்யும் ஒரு தசையின் நாணை அதன் இடத்திலிருந்து பிரித்து, இழைகளாகப் பிளந்து, உள்ளங்கை வழியாகக் கொண்டுபோய் விரல்களின் பக்கவாட்டில் தைத்துவிடுவது. போலியோவுக்கும் விபத்துக் காயங்களுக்கும் மேலைநாட்டில் செய்த சிகிச்சைதான் இது. தொழுநோய்க்கு யாரும் துணியவில்லை. காரணம் ஒரு நம்பிக்கை. 'குஷ்டரோகியின் சதை கெட்ட சதை, வெட்டினால் ஆறாது.' 1948-ல் முதல் அறுவை சிகிச்சைகள் நடந்தன. வெட்டினார்கள், தைத்தார்கள், மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறியது.

இதையெல்லாம் சுலபமாகச் செய்துவிட்டதாக நினைக்கக் கூடாது. தொழுநோயாளியைப் பொது வார்டில் சேர்த்தால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்ற பயம் மருத்துவமனைக்கே இருந்தது. அதனால் ஒதுக்குப்புறமாக ஓர் அறையில்தான் தொடக்கம். பயம் மருத்துவர்களையும் விடவில்லை. ஒருமுறை இங்கிலாந்தில் இறங்கிய பிராண்டுக்கு இரவில் குதிகாலில் உணர்ச்சி இல்லாதது போலத் தோன்ற, ஊசியால் குத்திப் பார்த்தாராம். வலிக்கவில்லை. தனக்கும் வந்துவிட்டது என்று இரவு முழுவதும் தூங்கவில்லை. காலையில் மறுபடி குத்தினார், சுரீர் என்றது. நீண்ட ரயில் பயணத்தில் கால் மரத்திருந்ததுதான் விஷயம். வலித்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன ஒரே மருத்துவர் அவராகத்தான் இருப்பார் :-)

1952-ல் லண்டன் ராயல் அறுவை மருத்துவர் கல்லூரியில் ஹண்டேரியன் பேராசிரியராக அழைக்கப்பட்டு, தொழுநோயில் கையைச் சீரமைப்பது பற்றி உரை நிகழ்த்தினார் பிராண்ட். 1960-ல் லாஸ்கர் விருது. 1961-ல் பிரிட்டிஷ் அரசின் சி.பி.இ. பட்டம். ஆண்டு மலர்ப் பக்கம் இத்தோடு நிரம்பிவிடும்.

ஆனால் வேலூரில் நடந்த வேலையோ இங்கிருந்துதான் சூடு பிடிக்கிறது.

முதலில், அறுவை சிகிச்சை முடிந்தால் கை தானாக வேலை செய்துவிடாது. நேற்று வரை மோதிர விரலை மடக்கிய தசை இன்று வேறு வேலை செய்ய வேண்டும். மூளைக்கு அது தெரியாதே! வாரக்கணக்கில் உட்கார்ந்து, மெழுகு ஒத்தடம் கொடுத்து, ஒவ்வொரு விரலாக அசைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்தப் பிசியோதெரபி வேலையை இங்கே வளர்த்தவர் ரூத் தாமஸ். அவர் இல்லாமல் பிராண்டின் தையல்கள் வெறும் தையல்களாகவே நின்றிருக்கும். அவரிடம் பயின்ற உள்ளூர் இளைஞர்களின் பெயர்கள் எந்த விருதுப் பட்டயத்திலும் இல்லை.

இரண்டாவது பிரச்சினையை மருத்துவப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. கை சரியாகி ஊருக்குப் போன ஒரு இளைஞன் திரும்பி வந்தான். இது நல்ல கை இல்லை டாக்டர், பிச்சை எடுக்க உதவாத கை என்றானாம். முடமான கையைப் பார்த்தால் காசு போடுவார்கள். நேரான கையைப் பார்த்து யாரும் போடுவதில்லை. நோயின் தழும்பு முகத்தில் இருப்பதால் வேலையும் தருவதில்லை, வாடகைக்கு வீடும் தருவதில்லை. லாபநட்டக் கணக்கு போட்டால் அவன் சொன்னது சரிதான். அறுவை சிகிச்சை அவனுடைய ஒரே வருமானத்தை அழித்திருக்கிறது!

அதற்குப் பதிலாகத்தான் 1951-ல் கல்லூரி வளாகத்திலேயே 'நவ ஜீவ நிலையம்' வந்தது. மண் வீடுகள், ஒரு தச்சுப் பட்டறை. பிராண்டின் பழைய தச்சு வேலை இங்கேதான் கைகொடுத்தது. நோயாளிகள் மரப் பொம்மைகள் செய்யக் கற்றார்கள், செய்து விற்றார்கள். அந்தப் பட்டறையில்தான் எந்த ஆய்வுக்கூடமும் சொல்லாத உண்மை வெளிப்பட்டது.

ஒரு நாள் பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் பிராண்ட் திணறிக்கொண்டிருந்தார். ஒரு சிறுவன் வந்து சாவியை வாங்கி, சட்டென்று திருப்பிவிட்டான். இவ்வளவு பலமா என்று வியந்தவர் தரையைப் பார்த்தால் ரத்தச் சொட்டு. சாவி அந்தப் பையனின் விரலை எலும்புவரை கிழித்திருந்தது. அவனுக்குத் தெரியவே தெரியாது. அன்றிலிருந்து ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு காரணம் தேட ஆரம்பித்தார்கள். தினமும் கைகளைச் சோதிப்பது, புதுக் காயம் இருந்தால் அது எப்படி வந்தது என்று கண்டுபிடித்து எழுதுவது. சூடான டம்ளர். சுத்தியல் பிடியில் இருந்த சிலாம்பு. விரலிடுக்கில் எரிந்து முடிந்த பீடி. எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்தது, ஒன்றுக்கு மட்டும் கிடைக்கவில்லை. இரவு தூங்கப் போகும்போது முழுசாக இருந்த விரலில் காலையில் ஒரு பகுதி காணோம்! விழித்திருந்து பார்த்தபோது தெரிந்தது, எலிகள். உணர்ச்சியில்லாத விரலை எலி கடித்துத் தின்றாலும் தூங்குபவர் விழிப்பதில்லை. அடுத்த நாளே ஏற்பாடு ஆனது: வீடு திரும்பும் நோயாளிகளோடு ஒரு பூனையும் போகும். சர்வதேச மருத்துவ வரலாற்றில் பூனைக்கு இடம் உண்டென்றால் அது வேலூர்ப் பூனைக்குத்தான்.

'தொழுநோய் வந்தால் விரல் அழுகி விழும்' என்று ஊரெல்லாம் நம்பியது இப்படி உடைந்தது. நோய் செய்வது உணர்ச்சியைக் கொல்வது மட்டுமே. மிச்சத்தைச் செய்வது சாவி, சுத்தியல், டம்ளர், எலி. அப்படியென்றால் தடுக்க முடியும்!

கையைப் பார்த்துப் பார்த்து எச்சரிக்கையாக இருக்கலாம். காலை என்ன செய்வது? இங்கேதான் செருப்பு வருகிறது.

நமக்குக் கல் குத்தினால் வலிக்கிறது, காலை மாற்றி வைக்கிறோம். அரை மணி நேரம் நடந்தால் நம்மை அறியாமலே நடையைச் சற்று மாற்றிக்கொள்கிறோம். உணர்ச்சியற்ற கால் இதைச் செய்யாது. ஒரே இடத்தில் ஒரே அழுத்தம், ஆயிரம் முறை, பத்தாயிரம் முறை. உள்ளே சதை நைந்து, பிறகு வெளியே புண்ணாக உடைகிறது. அந்தப் புண்ணோடும் நடப்பார்கள், வலிக்காதே! எலும்புவரை போய், கடைசியில் காலை எடுக்க வேண்டிவரும். காலை மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைத்தால் புண் ஆறும் என்பதை இலங்கையின் அறுவை மருத்துவப் பேராசிரியர் மில்ராய் பால் முன்பே காட்டியிருந்தார். வேலூரிலும் அப்படியே ஆறியது. ஆனால் கட்டைப் பிரித்து வீட்டுக்கு அனுப்பினால் சில வாரங்களில் அதே புண்ணோடு திரும்பி வந்தார்கள்.

ஆக, தேவைப்பட்டது மருந்து இல்லை, நல்ல செருப்பு.

செருப்புக்கா பஞ்சம் இந்த ஊரில்? ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை முழுக்க டேனரிகள். ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோல் அந்தக் காலத்திலேயே கப்பலேறியது. 1970-களில் பதனிடாத தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்ய அரசு கட்டுப்பாடு போட்ட பிறகு, ஷூ தைக்கும் தொழிற்சாலைகள் பெருகி, ஆம்பூர் ஷூ ஐரோப்பியக் கால்களில் ஏறியது. (குரோமியக் கழிவு பாலாற்றில் இறங்கியதும், 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுதியதும் வேறு கதை.) இப்படிப்பட்ட ஊரில் ஒரு ஜோடி செருப்புக்காக ஆராய்ச்சி நடந்தது என்றால் வேடிக்கைதான். ஆனால் நடந்தது.

ஏனென்றால் சாதாரணத் தோல் செருப்பு இந்தக் கால்களுக்கு எமன். தோல் தளம் வியர்வையிலும் மழையிலும் நனைந்து காய்ந்து விறைத்துவிடும். அதைவிட ஆபத்து ஆணி. அடியில் அடித்த ஆணி தேய்ந்து மேலே வந்தால் நாம் உடனே கழற்றி உதறுவோம். அவர்கள் அந்த ஆணியின் மேலேயே ஊர் போய்ச் சேர்வார்கள். கட்டைவிரலை நுழைக்கும் வளையம் விரலை அறுக்கும். பின்வார் இல்லாத செருப்பு காலிலிருந்து நழுவி விழுந்தாலும் தெரியாது.

பல பொருட்களை முயன்று பார்த்தார்கள். கடைசியில் நிலைத்தது மைக்ரோசெல்லுலர் ரப்பர், அதாவது கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர். ஹவாய் செருப்பின் உறவுதான், ஆனால் அதைவிட மிருது. ஷோர் என்ற கடினத்தன்மை அளவில் 15 இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதற்கும் கீழே போனால் உடல் எடையில் அப்பளமாக நசுங்கிவிடும், மேலே போனால் காலை அழுத்தும். மெத்தென்ற ரப்பரை மட்டும் வைத்தால் வேலிகாத்தான் முள் நேராக உள்ளே ஏறிவிடும் அல்லவா? அதனால் அடியில் டயர் போன்ற கெட்டி ரப்பர். நடுவே ஆணி கிடையாது, பசையும் தையலும்தான். வார் மட்டும் தோலில், அதுவும் அகலமாக, பக்கிள் வைத்து, வீங்கிய காலுக்கும் கட்டுப்போட்ட காலுக்கும் தகுந்தபடி கூட்டிக் குறைக்கும் விதத்தில். ஏற்கெனவே உருக்குலைந்த பாதமென்றால் அதன் அச்செடுத்து, அதற்கேற்ப உள்தளத்தைக் குழித்துச் செய்ய வேண்டும்.

இதை யார் செய்வது? இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பாதத்துக்கு அளவெடுக்க வேண்டுமானால் அந்தப் பாதத்தைக் கையில் எடுக்க வேண்டும். புண்ணின் தழும்பு எங்கே, எலும்பு எங்கே துருத்துகிறது என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். சொந்த வீட்டாரே தொட மறுத்த கால்கள் அவை. நம் ஊரில் செருப்புத் தைக்கும் தொழில் யாருடைய தலையில் கட்டப்பட்டது, அவர்களை எந்தத் தெருவுக்கு வெளியே நிறுத்தினோம் என்பது எல்லோருக்கும் தெரியும். மாட்டுத் தோலைத் தொட்டதால் ஒதுக்கப்பட்டவர்களும், தன் தோலில் வந்த நோயால் ஒதுக்கப்பட்டவர்களும் ஒரே பலகையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். போகப்போக நோய் குணமானவர்களே குத்தூசியைக் கையில் எடுத்தார்கள். அறுவை சிகிச்சையில் மீண்ட கைகள், இன்னொருவர் காலுக்குச் செருப்புத் தைத்தன.

1955-ல் காட்பாடிக்கு அப்பால் கரிகிரியில் ஷீஃபெலின் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கிய பிறகு இந்த வேலை அங்கே வேரூன்றியது. அந்தப் பொட்டல் காட்டில் மரங்களாக நட்டு வளர்த்தவர் எர்னஸ்ட் ஃபிரிட்ஷி என்ற அறுவை மருத்துவர். தொழுநோய்ச் சீரமைப்பு பற்றி அவர் எழுதிய நூல் பல நாட்டு மாணவர்களின் பாடப்புத்தகம் ஆனது. அறுவை மருத்துவர்களும் பிசியோதெரபி மாணவர்களும் வந்து பயின்ற அதே கரிகிரிக்கு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொள்ளவும் பல இடங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் செருப்புத் தைப்பதற்கும் பயிற்சி வகுப்பு! எம்.சி.ஆர். செருப்பு நாளடைவில் அரசாங்கத் தொழுநோய்த் திட்டத்தில் இலவசமாகக் கொடுக்கும் பொருளாகவே ஆகிவிட்டது.

இந்தக் கூட்டத்தில் இன்னும் இருவரைச் சொல்லாமல் விட முடியாது. ஒருவர் பிராண்டின் மனைவி மார்கரெட். கண் மருத்துவர். இமை மூட முடியாமல் பார்வை போகும் நோயாளிகளுக்கு, மெல்லும் தசையிலிருந்து ஒரு இழையை இமைக்குக் கொண்டுவரும் அறுவை சிகிச்சையைச் செய்தவர். அப்புறம் வாயை அசைத்தால் கண் இமைக்கும்! (புருவம் உதிர்ந்தவர்களுக்குத் தலைமுடித் தோலை நகர்த்திப் புருவம் வைத்தார்கள். தலைமுடியாயிற்றே, வளர்ந்துகொண்டே போகும், கத்தரித்துக்கொள்ள வேண்டியதுதான்.)

இன்னொருவர் மேரி வர்கீஸ். சி.எம்.சி.யில் படித்த இளம் மருத்துவர். 1954-ல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. எல்லாம் முடிந்தது என்று கிடந்தவரிடம், கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாமே என்றார் பிராண்ட். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார் மேரி. பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, சி.எம்.சி.யில் அந்தத் துறையையே உருவாக்கினார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. நடக்க முடிந்த டாக்டர் சொல்வதைவிட, சக்கர நாற்காலியில் வந்த டாக்டர் சொன்னபோது நோயாளிகள் நம்பினார்கள் என்பதில் ஆச்சரியம் இல்லை.

ஒரு சறுக்கலையும் சொல்லத்தான் வேண்டும். எம்.சி.ஆர். செருப்பு பரவலானபோது, அதன் கறுப்பு ரப்பரும் அகல வாரும் ஊருக்கெல்லாம் அடையாளமாகிவிட்டன. தெருவில் அந்தச் செருப்போடு போனால் 'அந்த வியாதிக்காரன்' என்று தெரிந்துவிடும். டீக்கடையில் தனி டம்ளர். காலைக் காப்பாற்ற வந்த செருப்பு மானத்தை வாங்கியது. பலர் வாங்கி வந்து மூலையில் போட்டுவிட்டு, பழையபடி வெறுங்காலோடு நடந்தார்கள். புண் மீண்டும் வந்தது. கடைச் செருப்பு போலவே தெரியும்படி நிறத்தையும் வடிவத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. எத்தனை ஷோர் அளவு பார்த்தாலும், பக்கத்து வீட்டுக்காரன் பார்வையின் கடினத்தை அளக்க ஒரு கருவி இல்லை பாருங்கள். சட்டத்தின் லட்சணமும் அப்படித்தான். தொழுநோயாளிகளைப் பிடித்து அடைக்க வழிசெய்த 1898-ம் ஆண்டுச் சட்டம் 2016-ல்தான் நீக்கப்பட்டது. தொழுநோய் விவாகரத்துக்குக் காரணமாக இருக்க முடியாது என்ற திருத்தம் 2019-ல்தான் வந்தது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து நோயை முழுமையாகக் குணப்படுத்தலாம் என்று 1982-லேயே உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துவிட்டிருந்தது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையைத் தாண்டிவிட்டோம் என்று 2005 முடிவில் இந்தியா அறிவித்தது. அதற்குப் பிறகும் உலகில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியர்களே.

பிராண்ட் 1966-ல் அமெரிக்கா போனார். லூசியானா மாநிலத்தில் கார்வில் என்ற ஊரில் இருந்த தொழுநோய் மருத்துவமனையில் வேலை. அங்கே போன பிறகுதான், உணர்ச்சியற்ற கால் தொழுநோயாளிகளுக்கு மட்டும் உரியதில்லை என்பது பெரிதாகத் தெரிந்தது. சர்க்கரை நோயாளிகளின் கால்! அதே மரத்துப்போதல், அதே வலியில்லாப் புண், அதே கால் நீக்கம். வேலூரில் கற்ற மாவுக்கட்டும் செருப்புக் கணக்கும் அமெரிக்கச் சர்க்கரை நோயாளிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. 2003-ல் சியாட்டிலில் அவர் இறந்தார்.

இந்தியாவிலும் அந்தச் செருப்பு வேறு வாழ்க்கையைத் தொடங்கிவிட்டது. வேலூர் பஜாரிலோ ஆம்பூரிலோ சென்னையிலோ, 'எம்.சி.ஆர். செருப்பு இருக்கா?' என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துப் போடுகிறார். நீலம், பிரவுன், கறுப்பு என்று வண்ணங்கள் இருக்கின்றன, பெண்களுக்குப் பூப்போட்ட வார்கூட இருக்கிறது. சுகர் உள்ளவர்கள் கேட்கிறார்கள், குதிகால் வலிக்காரர்கள் கேட்கிறார்கள், முழங்கால் தேய்ந்த பாட்டிகள் கேட்கிறார்கள். எம்.சி.ஆர். என்றால் என்ன என்று கேட்டால் பலருக்கும் தெரிவதில்லை, ஏதோ கம்பெனி பெயர் என்றுதான் நினைக்கிறார்கள். கடைக்காரர் கட்டைவிரலால் உள்தளத்தை ஒரு அழுத்து அழுத்திக் காட்டுகிறார். குழி விழுந்து, மெதுவாக மேலே எழும்புகிறது. போட்டு நடந்து பாருங்க சார் என்கிறார்.